காசிப் பிள்ளை சொன்ன தாலி

அன்று காலை அஞ்சலை அக்கா எங்கள் வீட்டு வாசலுக்கு வந்தபோது, அவருடைய இடக்கை சேலைக்கு மேலாகத் தாலியைப் பற்றியிருந்தது. வலக்கையில் கீரைக்கட்டு. கணுக்கால் வரை சேறு. நாள்தோறும் கிணற்றடியில் காலைக் கழுவிக்கொண்டுதான் படியேறுவார். அன்று கழுவவில்லை.

“தம்பி இருக்காரா?” என்று என் தாயாரிடம் கேட்டார்.

நான் இருந்தேன். சனிக்கிழமை எங்கள் தமிழ் மன்றத்தில் ஆற்றவேண்டிய சொற்பொழிவை எழுதிக்கொண்டிருந்தேன். ‘கடல் கடந்த தமிழர் காத்தவையும் இழந்தவையும்’ என்பது தலைப்பு. மையில் தோய்த்த பேனாவை வைக்க மனமின்றிக் கையில் பிடித்தபடியே எழுந்து வந்தேன்.

“தம்பி, நீங்க படிச்சவங்க. மலாய் பேச்சும் தெரியும், நம்ம பேச்சும் தெரியும். காசிப் பிள்ளை எங்கிட்ட ஒண்ணு சொன்னாரு. அதுக்கு என்ன அர்த்தம்னு நீங்கதான் சொல்லணும்.”

“என்ன சொன்னார்?”

அவர் கீரைக்கட்டைத் தரையில் வைத்தார். பிறகு ஒவ்வொரு சொல்லாக, சேற்றில் காலை எடுத்து வைப்பதுபோல் சொன்னார்.

“லூ புன்யா லாக்கி தாக் அடா. பேசோக் சாயா போத்தோங் லூ புன்யா தாலி.”

உன் கணவன் இல்லை. நாளைக்கு உன் தாலியை நான் வெட்டுகிறேன்.

கீரையை எடுக்கக் குனிந்த என் தாயார் அப்படியே நின்றுவிட்டார்.

ஒரே தண்ணீர்

மெர்டேக்காவுக்கு, மலாயாவின் விடுதலைக்கு, நாள் குறிக்கப்பட்டிருந்த காலம் அது. ஊரெங்கும் எதிர்காலத்தைப் பற்றிய பேச்சு. ஆனால் மலாக்காவில் எங்கள் காஜா பெராங்கின் பின்புறத்து வயல்களில் தண்ணீரைப் பற்றித்தான் பேச்சு. மழை பிந்திவிட்டது.

இந்தத் தொடரில் முன்பு செட்டிகளைப் பற்றி ஒரு வரி எழுதியிருந்தேன். அதைப் படித்த ஈப்போ வாசகர் ஒருவர், ‘செட்டி என்றால் வட்டிக் கடை செட்டியார்தானே?’ என்று கேட்டு எழுதியிருக்கிறார். இல்லை. செட்டியார்கள் செட்டிநாட்டிலிருந்து வந்து நகரத்தில் தொழில் நடத்தும் குடும்பத்தினர். தமிழ் பேசுகிறவர்கள். காஜா பெராங் செட்டிகள் அவர்களுக்கும் பல தலைமுறை முன்பே வணிகராக வந்து, இங்குள்ள பெண்களை மணந்து, இங்கேயே வேர் பிடித்தவர்கள். கோயில் நம் கோயில். குங்குமம் நம் குங்குமம். பேச்சு மட்டும் மலாய். பெண்கள் சாரோங்கும் கெபாயாச் சட்டையும் அணிவார்கள். வணிகம் கைவிட்டுப்போன பின் அவர்களுள் பலர் நெல் பயிரிட்டார்கள். நான் சொல்லும் காலத்தில் அந்த வயல்களிலும் பாதியை வேறு கைகள் உழுதுகொண்டிருந்தன. செட்டிப் பிள்ளைகள் அலுவலகம் போகத் தொடங்கியிருந்தார்கள்.

மேட்டிலிருந்து ஒரு வாய்க்கால் இறங்கும். முதலில் காசிப் பிள்ளையின் வயல்கள். அவர் ஐம்பது கடந்த செட்டி. மெலிந்த உடல், உரத்த குரல். அடுத்து அவருடைய நிலத்திலேயே இரண்டு துண்டுகளை விளைச்சலில் பாதி என்ற பேச்சில் பயிரிட்ட அஞ்சலை அக்கா. அதற்கும் கீழே பாக் டாலிம் என்ற மலாய் முதியவர். ஓரமாகச் சீனர் ஆ கியோங்கின் காய்கறித் தோட்டம். அவருக்குச் சொந்தக் கிணறு உண்டு. நால்வர் வீட்டிலும் மூன்று பேச்சு: மலாய், தமிழ், சீனம். கிணறு இல்லாத மூவரின் வயலும் குடித்தது ஒரே தண்ணீர். மழை குறைந்த ஆண்டில் முறை வைத்துத்தான் விடுவார்கள்; ஒருவர் முறை போய்விட்டால் மறுபடி வரப் பல நாள் ஆகும்.

அஞ்சலை அக்காவுக்கு இந்தப் பேச்சுகளில் ஒன்றுதான் தெரியும். தமிழ்நாட்டிலிருந்து மணமாகி வந்தவர். கப்பலிலிருந்து இறங்கி நேரே போனது புக்கிட் காதிலுக்கு அப்பால் ஒரு ரப்பர்த் தோட்டத்துக்கு. அங்கே கங்காணி முதல் மளிகைக் கடைக்காரர் வரை எல்லாரும் தமிழ். பதினான்கு ஆண்டுகள் மலாய் பேசவேண்டிய தேவையே அவருக்கு வரவில்லை. கணவர் ரெங்கனுக்கு நெஞ்சு நோய் கண்டு, பாலுக்கு ரப்பர் மரம் வெட்ட முடியாமல் போனதும் தோட்டத்து வீட்டைக் காலிசெய்யச் சொன்னார்கள். இருவரும் காஜா பெராங்குக்கு வந்தார்கள். முதல் ஆண்டு காசிப் பிள்ளையிடம் பேசுவது, வயலைப் பார்ப்பது எல்லாம் ரெங்கன். அக்கா கீரை விற்றார்.

இரண்டாம் ஆண்டு ரெங்கனுக்கு நோய் முற்றி மருத்துவமனையில் சேர்த்திருந்தார்கள். வயல் அக்காவின் கைக்கு வந்தது. நாற்று முளைத்து நடும் பருவத்தை எட்டியிருந்தது. தண்ணீர் வந்தால் நடவு. நடவு நடந்தால் ஆண்டு முழுதுக்கும் சோறு, தலைக்கு மேல் ஒரு கூரை. இல்லையென்றால் போவதற்கு இடமில்லை.

என் குறிப்பேடு

‘போத்தோங்’ என்ற சொல் அக்காவுக்கு நன்றாகத் தெரியும். தோட்டத்தில் சம்பளத்தை வெட்டுவதைப் ‘போத்தோங்’ என்பார்கள். ‘லாக்கி’ என்றால் கணவன் என்பதும் தெரியும். தாலியை யாரும் மொழிபெயர்க்கத் தேவையில்லை.

ஆயினும் அவர் அறிவுள்ளவர். என்னிடம் கேட்டார்:

“ஒருவேள வேற எதாச்சும் அர்த்தம் இருக்குமா தம்பி? அவரு சிரிச்சுக்கிட்டேதான் சொன்னாரு. கெட்டவரு மாதிரி தெரியல.”

இங்கே என் குறிப்பேட்டைப் பற்றிச் சொல்லவேண்டும்.

எனக்கு அப்போது பத்தொன்பது வயது. கிளேபாங் கடற்கரையில் அலைக்கு எதிரே நின்று குரல் பழகியவன். மூச்சை எங்கே நிறுத்துவது, சொல்லை எங்கே உயர்த்துவது, கையை எப்போது நீட்டுவது என்பதெல்லாம் பயிற்சியால் பெற்றவன். மலாக்காவில் என் வயதில் என்னை வெல்லக்கூடிய பேச்சாளர் இருந்ததில்லை. இதைத் தற்பெருமையாக அல்ல, அக்காலத்துப் போட்டி முடிவுகளைக் கொண்டு சொல்கிறேன். அந்தச் சனிக்கிழமைச் சொற்பொழிவுக்காகச் செட்டிகளின் மலாய்ப் பேச்சில் புதைந்துகிடக்கும் தமிழ்ச் சொற்களைத் தொகுத்துவந்தேன். மூதாதையருக்கு இலைபோட்டுப் படைப்பதை அவர்கள் ‘பார்ச்சு’ என்பார்கள். அது நம் ‘படைச்சு’ என்பதன் திரிபே என்று நானாக முடிவு கட்டி, அடிக்கோடிட்டு வைத்திருந்தேன். பட்டியலின் முதல் சொல் தாலி. செட்டித் திருமணத்தில் தாலி கட்டுவார்கள். அதைத் தாலி என்றே சொல்வார்கள்.

மலாயில் ‘தாலி’ என்றால் கயிறு. அது இந்நாட்டில் எந்தக் குழந்தைக்கும் தெரியும், எனக்கும் தெரியும். எனவே வாதத்தை முறைப்படி நடத்தினேன். கயிறு என்று கொள்வோம். அக்காவிடம் மாடு இல்லை, படகு இல்லை, கட்டிவைக்க ஒன்றுமே இல்லை. வெட்டுவதற்குக் கயிறு ஏது? சொன்னவர் மலாய்க்காரரும் அல்லர், செட்டி. செட்டியின் வாயில் தாலி என்றால் தாலிதான். அத்தோடு கணவன் இல்லை என்பதையும் சேர்த்துச் சொல்லியிருக்கிறார்.

“ஐயமே இல்லை, அக்கா. தாலியைத்தான் சொல்லியிருக்கிறார்.”

அக்கா தலையை ஆட்டிக்கொண்டார். அழவில்லை. கீரைக்கட்டை மறுபடி எடுத்து, பிரித்து, திரும்பக் கட்டினார்.

“ஆஸ்பத்திரில கெடக்குற மனுசன வச்சுக்கிட்டு இப்படி ஒரு வார்த்தய ஏன் தம்பி சொல்லணும்? நான் என்னா பண்ணேன் அவருக்கு?”

“அதை அவரையே கேட்கிறேன்,” என்றேன்.

“கேக்கப் போறவன் கேட்டுட்டு வா,” என்றார் என் தாயார். “பேசிட்டு வராத.”

வேலிக்கு வெளியே

அன்று பிற்பகலே காசிப் பிள்ளையின் வீட்டுக்குப் போனேன். அவர் வேலிக்கு உள்ளே மண்வெட்டிக்குப் பிடி போட்டுக்கொண்டிருந்தார். அவருடைய மனைவி மீனாச்சி கொடியில் சாரோங் உலர்த்திக்கொண்டிருந்தார். நான் வேலிக்கு வெளியே நின்று தமிழில் தொடங்கினேன்.

“பெரியவரே, ஒரு பெண்ணின் மங்கல நாணை அறுப்பேன் என்று மொழிவது மானமுடையார் செயலாகுமா?”

காசிப் பிள்ளை மனைவியைப் பார்த்தார். மனைவி என்னைப் பார்த்தார். கோழி ஒன்று குறுக்கே ஓடியது. நான் செந்தமிழிலிருந்து இறங்கி வந்து ‘தாலி’ என்றேன். உடனே மீனாச்சியின் கை தன் கழுத்துக்குப் போயிற்று.

“இந்தப் பையன் ஏன் என் கழுத்தப் பாத்துப் பேசுறான்?” என்று கணவரிடம் கேட்டார், மலாயில்.

நானும் மலாய்க்கு மாறினேன். அதன்பின் நடந்த பேச்சை எனக்கு இயன்ற தமிழில் தருகிறேன். ‘தாலி’ என்ற சொல்லை மட்டும் தொடாமல் விடுகிறேன்.

“அஞ்சலைகிட்ட தாலிய வெட்டுறேன்னு சொன்னீங்களா?”

“சொன்னேன். நாளைக்குக் காலைல. ஏன்?”

“ஏன்னா கேக்குறீங்க? வெட்டித்தான் ஆகணுமா?”

“ஆகணும்லா. இப்பவே நாள் போயிருச்சு. புருசன் ஆஸ்பத்திரில கெடக்குறான். அவளே எப்படி வெட்டுவா? நான்தான் வெட்டிவிடணும்.”

எத்தனையோ எதிரணியினரைப் பார்த்திருக்கிறேன். குற்றத்தை இத்தனை அமைதியாக ஒப்புக்கொண்டவரைப் பார்த்ததில்லை.

“அவங்க வேணாங்கிறாங்க.”

“வேணாங்கிறாளா?” அவர் மண்வெட்டியைக் கீழே வைத்தார். “ஏன்?”

“எந்தப் பொம்பளயாவது வேணும்னு சொல்வாளா?”

“போன வருசம் ரெங்கன் தானே வந்து கேட்டானே. ரெண்டு தடவ கேட்டான்.”

இதை நான் ஏளனம் என்று எடுத்துக்கொண்டேன். இப்போது எழுதும்போது, அந்த ஒரு வாக்கியத்திலேனும் நின்று, ‘என்ன கேட்டார்?’ என்று வினவியிருக்கலாம் என்று தெரிகிறது. எதிராளி பேசும்போது மறுமொழியைத் தேடுவதற்குத்தான் பயின்றிருந்தேன்.

“வேணாம்னா வேணாம். இனிமே அந்தப் பேச்சே எடுக்கக் கூடாது.”

காசிப் பிள்ளை மண்வெட்டியை மறுபடி கையில் எடுத்தார். முகத்தில் கோபம் இல்லை, ஏமாற்றம் இருந்தது.

“பாயேக்,” என்றார். சரி. “வேணாம்னா வெட்டல.”

வெற்றியோடு திரும்பினேன். அக்கா வீட்டுக்கே போய்ச் செய்தியைச் சொன்னேன். இனி அவர் வெட்டமாட்டார், வாக்குக் கொடுத்துவிட்டார். அக்கா எனக்கு ஒரு குவளை கருப்புக் கோப்பி கலந்து கொடுத்தார். சர்க்கரை அதிகமாகவே போட்டிருந்தார்.

கைதட்டல்

சனிக்கிழமை மாலை பண்டார் ஹிலிரில், மன்றத்தின் வாடகைக் கூடத்தில் நாற்பது பேர் இருந்தார்கள். என் சொற்பொழிவின் உச்சத்தை அந்தத் தாலியில் அமைத்திருந்தேன். பெயர்களைச் சொல்லவில்லை. ஒரு கழனி, ஒரு ஏழைப் பெண், ஒரு கொடுஞ்சொல். பின் குரலைத் தாழ்த்தி, “மொழியை மறந்தவர் தாலி என்னும் சொல்லை மறக்கவில்லை, அதன் பொருளை மறந்தார்,” என்றேன். ஒரு நொடி நிறுத்தினேன்.

கைதட்டல் நீண்டது. முன்வரிசையில் ஒருவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அடுத்த மாதமும் இதே பொருளில் பேசவேண்டும் என்று கேட்டுக்கொண்டார்கள்.

அந்தக் கூடத்தில் செட்டி ஒருவரும் இல்லை. வயலில் கால் வைத்தவர் ஒருவரேனும் இருந்தாரா என்பதும் ஐயமே. நாங்கள் எழுத்தர்கள், ஆசிரியர்கள், கடைப் பணியாளர்கள். எங்களுக்கு அரிசி சாக்கில் வந்தது.

கரை

ஞாயிறு காலை மிதிவண்டியை எடுத்துக்கொண்டு வயலுக்குப் போனேன். மன்றத்தார் கைதட்டியதை அக்காவுக்குச் சொல்வதே நோக்கம்.

வாய்க்காலின் மேற்பகுதியில் காசிப் பிள்ளையின் வயல்கள் பளபளத்தன. கீழே பாக் டாலிமின் வயல்களிலும் ஈரம். நடுவே அக்காவின் இரண்டு துண்டுகளும் வெடித்துக் கிடந்தன. ஒரு மூலையில் இருந்த நாற்றங்காலில் மட்டும் பச்சை. அதுவும் நுனி மஞ்சளித்த பச்சை. ஆ கியோங்கிடம் இரவல் வாங்கிய இரண்டு தகரப் பூவாளிகளைக் காவுதடியில் மாட்டிச் சுமந்துகொண்டு, அவருடைய கிணற்றிலிருந்து அக்கா வந்துகொண்டிருந்தார். தோளில் துணியைச் சுருட்டி வைத்திருந்தார்.

“நாலு நாளா இப்படித்தான்,” என்றார். “நம்ம மடைய விட்டுட்டு எல்லாருக்கும் தண்ணி போவுது. நீங்க போயி கேட்டதுக்கு இதுதான் பதிலு போல. போவட்டும். பொல்லாத வார்த்தைக்கு இது தேவல.”

நான் மறுமொழி சொல்வதற்குள் கீழ்வயலிலிருந்து ஒரு குரல் வந்தது. பாக் டாலிம் தொலைவில் ஒரு தென்னையடியில் நின்று, கரைமேல் மண்வெட்டியோடு நின்ற தம் மருமகனுக்குக் குரல் கொடுத்தார்.

“போத்தோங் தாலி. போத்தோங், போத்தோங்.”

மருமகன் கரையில் மூன்று வெட்டு வெட்டினான். வாய்க்காலின் தண்ணீர் ஒரு பக்கமாகச் சாய்ந்து வயலுக்குள் இறங்கியது.

நான் மிதிவண்டியில் அமர்ந்தபடி ஒரு காலைத் தரையில் ஊன்றியிருந்தேன். இறங்கி வண்டியை வரப்பில் சாய்த்தேன். பிறகு பாக் டாலிமிடம் போய், வெட்டியதன் பெயர் என்ன என்று கேட்டேன்.

“தாலி ஆயேர்லா,” என்றார். “வேற என்ன?”

தண்ணீர்க் கயிறு. வாய்க்காலுக்கு மலாயில் அதுதான் பெயர். வயலில் நிற்பவர்களுக்கு எதிரிலேயே தண்ணீர் ஓடும்போது, ‘ஆயேர்’ என்பதைச் சொல்லத் தேவையில்லை. தாலி என்றாலே போதும்.

“அந்த இந்தியப் பொம்பள நிலத்த விடுறாளாமே,” என்றார் பாக் டாலிம். “தண்ணி வேணாம்னு ஆள் விட்டுச் சொன்னாளாம். காசி சொன்னான். செவ்வாயோட என் முற முடியுது. அதுக்கப்புறம் அந்த ரெண்டு துண்டையும் என் மருமகன் பாத்துக்குவான்.”

ஆள் விட்டுச் சொன்னார். அந்த ஆள் நான்.

அவரவர் வாய்

அக்காவிடம் சொன்னேன். எந்த முன்னுரையும் இல்லாமல் சொன்னேன். அவர் காவுதடியை இறக்கி வைத்துவிட்டுக் கேட்டார்.

“வாய்க்கால வெட்டி விடுறேன்னா சொன்னாரு?”

“ஆமாம்.”

“எனக்குத்தான்? நல்லதுக்குத்தான்?”

“ஆமாம், அக்கா.”

“நீங்க வேணாம்னு சொன்னீங்க. என் பேர்ல.”

“சொன்னேன்.”

“வேற அர்த்தம் இருக்கான்னு கேட்டேனே தம்பி.”

 

காசிப் பிள்ளையின் வீட்டுக்கு இருவரும் போனோம். இம்முறை வேலிக்கு உள்ளே போனேன். நடந்ததை மலாயில் விளக்கினேன். நான் தாலியைத் தாலி என்று எடுத்துக்கொண்டேன் என்றதும் காசிப் பிள்ளை ஒருகணம் விழித்தார். பிறகு சிரிக்கத் தொடங்கினார். கண்ணில் நீர் வரும் வரை சிரித்தார்.

“ரெங்கன் ரெண்டு தடவ கேட்டான்னு சொன்னேனே,” என்று தொடையில் அடித்துக்கொண்டார். “அவன் பொண்டாட்டி தாலிய வெட்டச் சொல்லி அவனே கேட்டான்னு நெனச்சியா? மேடைல ஏறுற பையனாமே நீ. யாரு ஏத்திவிட்டா?”

மீனாச்சி சிரிக்கவில்லை. அஞ்சலை அக்காவின் காய்த்த தோளையும், சேலை மறைப்பில் இருந்த கையையும் பார்த்துக்கொண்டிருந்தார்.

“செவ்வா வரைக்கும் தண்ணி டாலிமோடது,” என்றார் காசிப் பிள்ளை, சிரிப்பைத் துடைத்துக்கொண்டு. “அவன் விட்டாத்தான் உண்டு. வாங்க.”

நால்வருமாக வாய்க்கால் பிரியும் இடத்துக்குப் போனோம். பாக் டாலிம் வந்தார். காசிப் பிள்ளை பேசினார். கேட்டு முடித்துவிட்டு முதியவர் என் பக்கம் விரலை நீட்டினார்.

“இந்தப் பையன் வேணாம்னு சொன்னான். தண்ணிய மாத்தினோம். இன்னிக்கு வேணுங்கிறான். நாளைக்கு மறுபடி வேணாம்பான். பயிர் யாரோடது? அவளோட நாத்துதானே? அவளே சொல்லட்டும். அவ வாயால சொன்னா இப்பவே விடுறேன். என் முறைல ரெண்டு நாள் போனாப் போவுது.”

நேர்மையான கேள்வி. அக்காவுக்கு மொழிபெயர்த்தேன். ஒன்றும் கடினமில்லை, இரண்டே சொற்கள், போத்தோங் தாலி, வாய்க்காலைத்தான் குறிக்கும் என்றேன்.

அக்கா கரையோரம் போய் நின்றார். பாக் டாலிமைப் பார்த்தார். தண்ணீரைப் பார்த்தார்.

“போத்தோங்,” என்றார்.

அதற்குமேல் வரவில்லை. மறுபடி தொடங்கினார். மறுபடியும் அதே இடத்தில் நின்றது. உதடு அசைந்தது, கை மார்புக்குப் போனது.

“வாய்க்கால்தான் அக்கா,” என்றேன் மெல்ல.

“தெரியும் தம்பி. தெரிஞ்சாலும் வரல. அங்க அவரு மூச்சுக்கு இழுத்துக்கிட்டுக் கெடக்குறாரு. இங்க நின்னு என் வாயால வெட்டுன்னு எப்படிச் சொல்லுவேன்?”

பாக் டாலிம் காத்திருந்தார். மருமகன் மண்வெட்டியை ஒரு தோளிலிருந்து மறு தோளுக்கு மாற்றிக்கொண்டான். காசிப் பிள்ளை, “அவளுக்கு வேணுமா, வேணாமா?” என்று என்னிடம் கேட்டார். நான் விளக்க வாயெடுத்தேன். எந்த வாக்கியத்தில் தொடங்குவது என்று தெரியவில்லை.

மீனாச்சி கணவரைத் தள்ளிவிட்டு முன்னால் வந்தார். ஒரு சொல்கூடத் தமிழ் தெரியாதவர். தன் கெபாயாவின் கழுத்துக்குள் கைவிட்டு, மஞ்சள் ஏறிய தன் தாலியைச் சிறிது வெளியே இழுத்து அக்காவுக்குக் காட்டினார்.

“நானும் சொல்றதில்ல,” என்றார் மலாயில். “இந்த ஆம்பளைங்க சொல்லிக்குவாங்க. எனக்கு இருபத்தஞ்சு வருசமா வாயில வந்ததில்ல. நான் ‘புக்கா’ன்னுதான் சொல்லுவேன்.” இரண்டு கைகளையும் சேர்த்து, கதவைத் திறப்பதுபோல் விரித்தார். “புக்கா ஆயேர். புக்கா.”

தண்ணீரைத் திற.

காசிப் பிள்ளை மனைவியைத் திரும்பிப் பார்த்தார். அவர் இதைக் கவனித்ததே இல்லை என்பது முகத்தில் தெரிந்தது. இருபத்தைந்து ஆண்டுகள் ஒரே வயலில் நின்றவர்.

அக்கா நிமிர்ந்தார். பாக் டாலிமை நேராகப் பார்த்து, “புக்கா ஆயேர்,” என்றார். ஒருமுறை போதாது என்று நினைத்தாரோ என்னவோ, “சாயா மாவ். புக்கா,” என்றார். எனக்கு வேண்டும், திற.

“பாயேக்,” என்றார் முதியவர்.

காசிப் பிள்ளை மண்வெட்டியை ஓங்கினார். அக்கா கை நீட்டி அதை வாங்கிக்கொண்டார். சேலையை வரிந்து செருகிக்கொண்டு கரையில் தாமே வெட்டினார். பத்து வெட்டுக்கு மேல் ஆயிற்று. தண்ணீர் முதலில் தயங்கி, பின் வெடிப்புகளுக்குள் இறங்கி மறைந்தது. வெகுநேரம் வயல் குடித்துக்கொண்டே இருந்தது. நிலத்தின்மேல் அது நிற்கத் தொடங்கியபோது வெயில் தலைக்கு நேராக வந்துவிட்டது.

விளைவையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். நாற்றில் பாதி முற்றிப்போயிருந்தது. அந்த ஆண்டு ஒரு துண்டுதான் விளைந்தது. மற்றதில் வந்தது வைக்கோல். நாற்று காத்திருந்த நாள்களுக்கு நானே பொறுப்பு. நிலம் கைமாறவில்லை. ரெங்கன் அறுவடைக்கு முன் வீடு திரும்பினார். வரப்பில் உட்கார்ந்து பார்க்கும் அளவுக்கே உடல் இடம் கொடுத்தது. அடுத்த மாத மன்றக் கூட்டத்தில் நான் அதே பொருளில் பேச எழுந்து, முன்பு சொன்னது பிழை என்பதை ஐந்து நிமிடங்களில் சொல்லி அமர்ந்தேன். எவரும் கைதட்டவில்லை. முறைப்படி அதுவே சரி.

மீண்டும் அந்த ஞாயிறுக்கு வருகிறேன். தண்ணீர் நின்றதும் மீனாச்சி சாரோங்கை முழங்காலுக்கு மேல் தூக்கிக் கட்டிக்கொண்டு நாற்றங்காலில் இறங்கினார். ஒரு பிடி நாற்றைப் பிடுங்கி, வேரை உதறி, தண்டை நகத்தால் கீறிப் பார்த்து அக்காவிடம் நீட்டி விரைவாக ஏதோ சொன்னார். இன்னொரு பிடியை எடுத்து அதையும் காட்டிச் சொன்னார். பழுத்தவற்றைக் கழித்துவிட்டு மற்றதை நெருக்கி நடவேண்டும் என்பது பொருள். நான் வரப்பிலிருந்து குரலைச் சரிசெய்துகொண்டேன்.

“அக்கா, அவர் என்ன சொல்கிறார் என்றால்…”

அஞ்சலை அக்கா நாற்றிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

“நீங்க உக்காருங்க தம்பி,” என்றார். “எங்களுக்குப் புரியுது.”

உட்கார்ந்தேன்.